செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு மானிட்டர்: பகலில் கணக்கு, இரவில் கேம்

மானிட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஹெர்ட்ஸ் எண்ணில்தான், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதில்தான், தொடங்குகிறார்கள். 144 போதுமா, 180 வேண்டுமா என்று. அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் மேசை, அடுத்து அறை, அதற்கடுத்து கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. இந்த மூன்றும் தெளிவாகிவிட்டால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் மாடல்களில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும். சிபியூவில் கார்டையும் ராமையும் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். மானிட்டரில் அப்படி எதையும் மாற்ற முடியாது, எடுத்தால் எடுத்ததுதான்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு வேலை இருக்கும். பகலில் அப்பச்சி கடைக் கணக்கு பார்ப்பார். இரவில் பையன் வேலரன்டோ ஜிடிஏ-வோ ஆடுவான். இரண்டுக்கும் ஒரே மானிட்டர் பொருந்த வேண்டும். கூடவே, முற்றமும் பளபளக்கும் தரையும் பழைய வயரிங்கும் உள்ள வீட்டில் சில விஷயங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

மேசையை அளந்துகொள்ளுங்கள்

டேப்பை எடுத்து மேசையின் ஆழத்தை, அதாவது உங்கள் வயிறு படும் விளிம்பிலிருந்து சுவர் வரை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மானிட்டரின் ஸ்டாண்டு மட்டும் 20 முதல் 25 செ.மீ. இடம் பிடிக்கும். கேமிங் மாடல்களில் வரும் இரண்டு கால் விரிந்த ஸ்டாண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் நீளும். திரை சுவரை ஒட்டி நிற்காது. 10, 15 செ.மீ. முன்னால்தான் நிற்கும். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே குறைந்தது 55 செ.மீ., வசதியாக உட்கார 65 முதல் 75 செ.மீ. வேண்டும். கையை நேராக நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும் என்பது சுலபமான கணக்கு.

அளவு அங்குலத்தில் சொல்லப்படுவது மூலைக்கு மூலை. அகலம் எவ்வளவு வரும் என்பதுதான் மேசைக்கு முக்கியம். 24 அங்குலத் திரை சுமார் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். 27 அங்குலம் என்றால் 60-க்கு 34. 32 அங்குலம் 71-க்கு 40. ஒரு அட்டைப்பெட்டியை இந்த அளவில் வெட்டி, மேசை மேல் மானிட்டர் வரும் இடத்தில் நிறுத்தி, முன்னால் உட்கார்ந்து பாருங்கள். 32 அங்குல அட்டையில் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் பார்க்கக் கழுத்து திரும்புகிறது என்றால் அது உங்கள் மேசைக்கு ஆகாது. கேமில் குட்டி மேப் ஒரு மூலையிலும் குண்டு எண்ணிக்கை இன்னொரு மூலையிலும் இருக்கும். ஒரு மணி நேரம் ஆடினால் கழுத்து வலி நிச்சயம்.

அளவு முடிவானதும் பிக்சல். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 24 அங்குலத்தில் 1920-க்கு 1080 என்றால் ஓர் அங்குல நீளத்துக்கு சுமார் 92 பிக்சல். அதே 1080-ஐ 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82-ஆகக் குறைந்துவிடும். கேமில் இது அவ்வளவாக உறுத்தாது. எழுத்தில் உறுத்தும், அதிலும் தமிழ் எழுத்தில் கூடுதலாக. சுழிகளும் மேல்புள்ளியும் உள்ள எழுத்துக்குப் பிக்சல் போதாவிட்டால் ‘ண’வும் ‘ன’வும் சிறிய அளவில் ஒன்றுபோலத் தெரியும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏதாவது தமிழ் செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, நீங்கள் வீட்டில் உட்காரும் தூரத்திலிருந்து இரண்டு பத்தி படித்துப் பாருங்கள். அந்த மானிட்டரில் கணக்கு எழுத முடியுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

27 அங்குலத்துக்குச் சரியான ஜோடி 2560-க்கு 1440. கடைகளில் கியூஎச்டி அல்லது 2கே என்பார்கள். அங்குலத்துக்கு 109 பிக்சல் வரும். எழுத்து கூர்மையாக இருக்கும், விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 100 சதவீதத்திலேயே விடலாம். 27 அங்குலத்தில் 4கே என்றால் 163 பிக்சல். எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். ஆனால் எல்லாம் பொடியாகத் தெரிவதால் ஸ்கேலிங்கை 150-க்கு ஏற்ற வேண்டிவரும். அப்போது பழைய பில்லிங் சாஃப்ட்வேர் சில மங்கலாகத் தெரியும். கடைக் கணக்குக்குப் பத்து வருடத்துக்கு முன் எழுதிய சாஃப்ட்வேரை இன்னும் ஓட்டுகிறீர்கள் என்றால் 4கே பக்கம் போகும் முன் இதை யோசியுங்கள்.

முற்றத்து வெளிச்சம், ஆத்தங்குடிக் கல்

வளவை ஒட்டிய பட்டாலையில் மேசை போட்டிருந்தால் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை முற்றத்து வெயில் மொத்தமும் திரையில் இறங்கும். வெளிச்சம் நேராக மட்டும் வராது. ஆத்தங்குடிக் கல் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பது. கீழிருந்து அது ஒரு பங்கு திருப்பி அனுப்பும். மெருகேற்றிய வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் பக்கவாட்டில் இன்னொரு பங்கு. மானிட்டர் வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்பே சோதித்துவிடலாம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மானிட்டர் வரும் இடத்தில், அதே உயரத்தில், நடுப்பகலில் நிறுத்தி நாற்காலியில் உட்காருங்கள். கண்ணாடியில் எந்த ஜன்னல், எந்தத் தூண், தரையின் எந்தப் பகுதி பளிச்சென்று தெரிகிறதோ, அதெல்லாம் நாளைக்குத் திரையிலும் தெரியும்.

சரிசெய்யும் வழி எளிது. திரையின் முகம் முற்றத்தையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது. முதுகும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது, ஏனென்றால் அப்போது வெளிச்சம் உங்கள் கண்ணில் அடிக்கும். வெளிச்சம் இடப்புறமோ வலப்புறமோ இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள். தரைப் பிரதிபலிப்புக்கு மேசைக்கு முன்னால் ஒரு கோரைப் பாய் விரித்தாலே போதும்.

இடத்தை மாற்ற வழியில்லை என்றால் பளபளப்பில்லாத மேட் பூச்சுள்ள திரையாகவும், பிரகாசம் 350 நிட்ஸாவது உள்ளதாகவும் பாருங்கள். உள் அறைக்கு 250 போதும். ஓலெட் (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று: கியூடி-ஓலெட் வகைத் திரைகளில் வெளி வெளிச்சம் பட்டால் கறுப்பு நிறம் கறுப்பாக நிற்காமல் சாம்பல் கலந்த ஊதாவாக வெளுக்கும். முற்றத்தோரத்தில் அந்தப் பணம் வீண். இரவில் மட்டும், இருட்டு அறையில் ஆடுகிறவர்களுக்கு அது அருமையான திரை.

சுவரில் மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து மெருகிட்ட அந்த மேல்பூச்சு ஹேமர் டிரில் அதிர்வில் துளையைச் சுற்றித் தட்டையாக உரிந்துவிடும். அதே மெருகில் திரும்ப ஒட்டுப்போடுவது லேசில் முடியாத வேலை. மேசையில் பூட்டும் மானிட்டர் ஆர்ம் வாங்குங்கள். மானிட்டரின் பின்புறத்தில் 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வெசா மவுண்ட் என்று பெயர். சில மலிவு மாடல்களில் இது கிடையாது. பழைய தேக்கு மேசையில் விளிம்புக்கு அடியில் சட்டமோ டிராயரோ ஓடும். கிளாம்ப் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போட்ட மேசையில் கிளாம்ப் பூட்டவே கூடாது, விரிசல் விடும்.

கார்டு என்ன தாங்கும்

1080பி திரையில் மொத்தம் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது 1080-ஐப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இத்தனையையும் வரைய வேண்டும். தனிக் கார்டு இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் என்றால் 24 அங்குலம், 1080பி, 100 ஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேல் போடும் காசை ராமுக்கோ எஸ்எஸ்டி-க்கோ போடுங்கள். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டுக்கும் 1080பி-தான் சரி. ஆர்டிஎக்ஸ் 3060, 4060 அளவு கார்டு இருந்தால் 1440பி தாராளமாக ஓடும். புதிய பெரிய கேம்களில் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 4கே-யில் கேம் என்பது இதற்கெல்லாம் மேலான கார்டுக்காரர்களின் வேலை.

பிஎஸ்5 கேம் கருவி வைத்திருப்பவர்கள்: 2022 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு அது 1440பி-யையும் கொடுக்கிறது. 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 உள்ள மானிட்டர் அவசியம். மானிட்டரில் ஸ்பீக்கரோ ஹெட்போன் துளையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேனல்: ஐபிஎஸ்-ஆ, விஏ-வா

பேனல் என்பது படத்தைக் காட்டும் திரைப் பலகை; ஐபிஎஸ், விஏ, டிஎன் எல்லாம் அதன் வகைகள். கணக்கும் கேமும் சேர்ந்த வீட்டுக்கு ஐபிஎஸ். இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பக்கத்தில் இரண்டு பேர் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது, எழுத்து தெளிவாக இருக்கும், வேகமும் இப்போது போதுமான அளவுக்கு வந்துவிட்டது. குறை என்னவென்றால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000-க்கு 1 என்பதால் இருட்டு அறையில் மூலைகளில் லேசான வெளிர் பூச்சு தெரியும். அது பழுது கிடையாது, ஐபிஎஸ்-இன் இயல்பு.

விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 அளவில் இருக்கும். இரவில் படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற அது நேரம் எடுக்கும். இருட்டுக் காட்சியில் வேகமாகத் திரும்பினால் உருவத்தின் பின்னால் கரி பூசியதுபோல் ஒரு தீற்றல் வரும். வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் இது தெரியாது என்பதால் கடையில் கண்டுபிடிப்பது கடினம். வலைப்பக்கம் ஒன்றை டார்க் மோடில் வைத்து வேகமாக ஸ்க்ரோல் செய்து பாருங்கள், எழுத்தின் வால் நீள்கிறதா என்று. வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ-தான். வளைவோடு எழுதியிருக்கும் 1500ஆர் என்பது ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. 27 அங்குலத்துக்கு வளைவு தேவையில்லை. 34 அங்குல அகலத் திரைக்குப் பயன்படும்.

டிஎன் பேனல் புதிதாக வாங்காதீர்கள். ஓலெட் வேகத்திலும் கறுப்பிலும் எல்லாவற்றையும் தாண்டிவிடும். ஆனால் பகல் முழுக்க ஒரே இடத்தில் டாஸ்க்பாரும் கணக்குக் கட்டமும் நிற்கும் வேலைக்கு அதை வைத்தால் வருடங்கள் ஓட ஓட அந்தத் தடம் திரையில் பதியும். இப்படிப் பதியும் தடத்துக்கும் வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஹெர்ட்ஸ், மில்லி செகண்ட், விளம்பரம்

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144-இல் 6.9. 240-இல் 4.2. கழித்துப் பாருங்கள்: 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம், 144-லிருந்து 240-க்கு 3-கூட இல்லை. முதல் பாய்ச்சல் மவுஸ் நகர்த்தும்போதே கைக்குத் தெரியும், எக்ஸெல் ஷீட்டை உருட்டும்போதுகூட கண்ணுக்கு இதமாக இருக்கும். இரண்டாவது பாய்ச்சல் போட்டியில் ஆடுகிறவர்களுக்கானது. 144 முதல் 180 வரை எது விலை சாதகமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள்; அந்த வித்தியாசத்துக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெட்டியில் பெரிதாக 1 மில்லி செகண்ட் என்று போட்டிருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் ஜிடிஜி என்றா, எம்பிஆர்டி என்றா இருக்கிறது என்று பாருங்கள். ஜிடிஜி என்பது பிக்சல் ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம். எம்பிஆர்டி என்பது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு மங்கலைக் குறைக்கும் முறையில் வரும் எண்; அதைப் போட்டால் வெளிச்சம் குறையும், பெரும்பாலான மாடல்களில் கீழே சொல்லும் சிங்க் வசதியும் கூடவே அணைந்துவிடும். இரண்டு எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

சிங்க் என்பது கார்டு ஒரு ஃபிரேமை முடிக்கும் நேரத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது. இது இல்லாவிட்டால் படம் நடுவில் குறுக்கே கிழிந்ததுபோல் தெரியும். ஃப்ரீசிங்க் (ஏஎம்டி கம்பெனியின் சிங்க்) என்று எழுதியிருந்தால் என்விடியா கார்டுக்கு ஆகாது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2019 ஜனவரியிலிருந்தே என்விடியா டிரைவர் இந்த வகை மானிட்டர்களோடு டிஸ்ப்ளே போர்ட் (எச்டிஎம்ஐ-போல இன்னொரு வயர் இணைப்பு) வழியே வேலை செய்கிறது. பார்க்க வேண்டியது அதன் எல்லையை. 48 முதல் 144 வரை என்றிருந்தால் ஃபிரேம் 48-க்குக் கீழே விழுந்தாலும் மானிட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை காட்டிச் சமாளிக்கும். 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை; கனமான காட்சி வந்ததும் திக்கும்.

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விரித்துக் காட்டும் முறை. எச்டிஆர் 400 என்ற ஸ்டிக்கருக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 400 நிட்ஸ் பிரகாசமும் ஒரே விளக்காக எரியும் பின்னொளியும் வைத்து எச்டிஆர் காட்சியின் ஆழத்தைக் கொண்டுவர முடியாது.

கண்டாங்கி விற்கிறவர்கள் நிறத்தைப் பாருங்கள்

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலைகளையோ ஆத்தங்குடிக் கல் டிசைனையோ படம் பிடித்து ஆன்லைனில் விற்கும் வீடுகளில் மானிட்டரின் நிறம் பணப் பிரச்சினை. அரக்குச் சிவப்பு திரையில் பளீர்ச் சிவப்பாகத் தெரிந்தால், அதைச் சரிசெய்வதாக நினைத்துப் படத்தில் சிவப்பைக் குறைப்பீர்கள். வாங்குகிறவரின் போனில் அது வாடிப்போய்த் தெரியும். கையில் வந்த சேலை வேறு நிறம் என்று பார்சல் திரும்பி வரும்.

திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி, டிசிஐ-பி3 என்று அளவுகோல்கள் உண்டு. விவரத்தாளில் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்றிருக்க வேண்டும். என்டிஎஸ்சி 45 சதவீதம் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். அதில் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் வரும். என்டிஎஸ்சி 72 சதவீதம் என்பது ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி முழுமைக்குச் சமம். கேமிங் மானிட்டர்கள் பல டிசிஐ-பி3 95 சதவீதம் என்று பெருமையாகப் போடும். கேமுக்கு அந்த அகன்ற நிறம் நன்றாக இருக்கும், ஆனால் சேலைப் படத்தை மிகைப்படுத்திக் காட்டும். அப்படிப்பட்டதை வாங்கினால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா என்றும், அந்த மோடில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க விடுகிறதா என்றும் கடையிலேயே பட்டனை அழுத்திப் பாருங்கள். சில மாடல்கள் பிரகாசத்தைப் பூட்டிவிடும். சோதிக்க நல்ல வழி: சேலையையே எடுத்துப்போய், அதன் படத்தைத் திரையில் போட்டு, பக்கத்தில் துணியைப் பிடித்துப் பார்ப்பது.

வயரும் போர்ட்டும்

165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60-இல் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். காரணம் பெரும்பாலும் வயர். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 1440பி-யும் 75 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0-இல் 4கே 60, 1440பி 144 வரை. மானிட்டரில் 180 என்று எழுதியிருந்தாலும் அது டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும் கிடைக்கும், எச்டிஎம்ஐ-யில் 144-தான் என்ற மாடல்கள் நிறைய. ஆகவே மேசைக் கம்ப்யூட்டர் என்றால் டிஸ்ப்ளே போர்ட் வயரையே போடுங்கள். 1.4 வகை, இரண்டு மீட்டருக்குள். பெட்டியோடு வந்த வயர் எச்டிஎம்ஐ-யாக இருந்தால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ரொம்ப மலிவான டிஸ்ப்ளே போர்ட் வயர்களில் இணைக்கக் கூடாத 20-ஆவது பின்னை இணைத்துவிடுவார்கள். மானிட்டரிலிருந்து மின்சாரம் திரும்பிக் கார்டுக்குள் ஏறி, கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். கழற்றும்போது முனையிலுள்ள பட்டனை அழுத்தியபடி இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் கார்டின் போர்ட்டே பெயர்ந்து வரும்.

வயரை எங்கே சொருகுவது என்பதிலும் ஒரு தவறு நடக்கும். சிபியூவின் பின்புறத்தில் யூஎஸ்பி துளைகளோடு செங்குத்தாக நிற்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. கார்டின் போர்ட்டுகள் அதற்குக் கீழே, படுக்கைவாட்டில் தனி வரிசையாக இருக்கும். மேலே சொருகினால் படம் வரலாம், ஆனால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

லேப்டாப்காரர்கள் டைப் சி வழியே ஒரே வயரில் படமும் சார்ஜும் எடுக்கலாம். எல்லா டைப் சி துளையும் படம் தராது. துளையின் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட்டின் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் 65 வாட்டாவது சார்ஜ் கொடுத்தால்தான் சாதாரண லேப்டாப்புக்குத் தாங்கும்.

கரண்டு, எர்த், இடி

மானிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படிதான் வருகின்றன. மாலையில் வோல்டேஜ் இறங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்டெபிலைசரும் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது எர்த் பற்றி. பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் வயர் ஓடியிருக்காது. சிபியூவின் இரும்பைத் தொட்டால் கையில் சுருசுருவென்று ஏறுகிறது என்றால் அதுதான். அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரை ஓடும்போதே சொருகிக் கழற்றினால், இரண்டு கருவிகளின் உடலுக்கும் நடுவே நிற்கும் வோல்டேஜ் போர்ட் வழியே பாய்ந்து அதை எரித்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். எர்த் சரியாகும் வரை எந்த வயரையும் இரண்டு பக்கமும் பவரை அணைத்த பிறகே தொடுங்கள். எர்த் இல்லாத பாயிண்டில் ஸ்பைக் கார்டும் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் பிளக் பலகை) பாதி வேலைதான் செய்யும்.

கோடை இடிமழைக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கை உருவுங்கள், கேபிள் பெட்டியிலிருந்தோ மோடத்திலிருந்தோ வரும் வயரையும் சேர்த்து.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதற்கு மானிட்டர் ஒரு சுமையே இல்லை. 24 அங்குலம் 20, 25 வாட். 27 அங்குலம் 30 முதல் 45 வாட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். சுமை சிபியூவுடையது. கரண்டு போகும்போது கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தால் இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்கள்.

எங்கே, எப்படி வாங்குவது

விலை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மதிப்புக்கு: 24 அங்குல 1080பி ஐபிஎஸ் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின், 27 அங்குல 1440பி 144-க்கு மேல் என்றால் பதினைந்திலிருந்து இருபத்திரண்டு ஆயிரம். முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18-தான். பழைய வரிக் கணக்கில் விலை சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

இரண்டு விஷயம் முடிந்த பிறகே பணம் கொடுங்கள். ஒன்று, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வருமா என்று கஸ்டமர் கேரில் கேட்பது. காரைக்குடி 630001-க்கு வருபவர்கள் உள்ளே இருக்கும் ஊர்களுக்கு வர மாட்டோம் என்று சொல்லக்கூடும். வீட்டுக்கு வராது என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ நீங்கள்தான் தூக்கிப் போக வேண்டும்; அதனால் வாரண்டி முடியும் வரை பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று, செத்த பிக்சலுக்கு அவர்கள் விதி என்ன என்பது. ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளிக்கு மாற்றித் தர மாட்டோம் என்பது பல கம்பெனிகளின் விதி.

கடையில் வாங்கினால் அங்கேயே பெட்டியைப் பிரித்து, முழுத் திரைக்கும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளியும், வெள்ளையில் ஒளிராத புள்ளியும் தெரிந்துவிடும். ஆன்லைன் என்றால் டேப்பை வெட்டுவதிலிருந்து முதல் படம் வரும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக்கு வந்த பிறகு

திரையைக் கையால் அழுத்திப் பிடித்துத் தூக்காதீர்கள். முதலில் ஸ்டாண்டைப் பூட்டி, பிறகு கீழ்ச்சட்டத்தைப் பிடித்து நிமிர்த்துங்கள். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண்மட்டத்திலோ ஒரு விரற்கடை கீழேயோ நிற்க வேண்டும். ஸ்டாண்டு உயரம் மாறாதது என்றால் தேக்குப் பலகை ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போதே உயரம் மாற்றும் ஸ்டாண்டாக எடுப்பது நல்லது. ஐயா படிக்கும் உயரமும் பேரன் ஆடும் உயரமும் ஒன்றாக இருக்காது.

அடுத்து விண்டோஸ். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரெஃப்ரெஷ் ரேட் பெரும்பாலும் 60 என்று நிற்கும். அதை நீங்களேதான் 144-க்கோ 180-க்கோ மாற்ற வேண்டும். பெரிய எண் பட்டியலிலேயே இல்லை என்றால் வயரையும் போர்ட்டையும் திரும்பப் பாருங்கள். கறுப்பு வெளிறி, மேலே சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்ச் லிமிடெட் என்றிருக்கும், ஃபுல் ஆக்குங்கள்.

மானிட்டர் மெனுவில் சிங்க்கை ஆன் செய்யுங்கள். பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் உருவத்தின் பின்னால் வெளிர் நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பிக்சல் தேவைக்கு மேல் தாண்டிப் போய்த் திரும்புவதால் வருவது அது. பிரகாசம் கடையில் 100-இல் இருந்திருக்கும். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, தாளும் திரையின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை இறக்குங்கள். இரவில் உள் அறையில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே வந்து நிற்கும்.

துடைக்க மைக்ரோ ஃபைபர் துணியும், ஒட்டுக்கறைக்கு அதில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டரும் போதும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் அதே தண்ணீர்தான், ஆனால் பேட்டரி பக்கம் போகாத புது பாட்டிலாக இருக்கட்டும். ஜன்னல் துடைக்கும் திரவம் மேட் பூச்சைத் தின்றுவிடும். எதையும் திரை மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கினால் பேனல் போச்சு.

மழை பெய்த இரவில் திறந்த முற்றமுள்ள வீட்டில் பூச்சி வரும். ஈசலைத் தட்டிவிடலாம். கடுகைவிடச் சின்னதாக ஒரு வகை, சட்டத்தின் இடுக்கு வழியே பின்னொளியைத் தேடிப் பேனல் அடுக்குகளுக்குள் புகுந்துவிடும். திரை மேல் ஊர்வதுபோலத் தெரியும், துடைத்தால் போகாது. அப்போது விரலால் அழுத்திக் கொல்லாதீர்கள். உள்ளே நசுங்கி ஒட்டிக்கொண்டால் செத்த பிக்சல்போல நிரந்தரப் புள்ளியாகிவிடும். வாரண்டியிலும் அதைச் சேர்க்க மாட்டார்கள். மானிட்டரை உடனே அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, பூச்சி நின்ற இடத்துக்குப் பக்கத்து விளிம்பில் ஒரு மேசை விளக்கையோ போன் டார்ச்சையோ எரியவிட்டு ஓரிரு மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைத் தேடித் தானே வெளியே வந்துவிடும்.